ஈரப்பதம் 20-லிருந்து 17-க்கு இறங்கினால் எடை 3 சதவீதம்தானே குறைய வேண்டும்?

கேள்வி: வெண்ணாற்றங்கரையாள், நீடாமங்கலம் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். பள்ளியில் சதவீதக் கணக்கில் நான் மதிப்பெண் இழந்ததாக நினைவில்லை. 500-இல் 20 சதவீதம் எவ்வளவு என்று கேட்டால் இன்றும் உடனே சொல்லிவிடுவேன். ஆனால் வீட்டு வரவு செலவையும் வயல் கணக்கையும் அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்ட இந்த இரண்டு ஆண்டுகளில், தாளில் சரியாக வருகிற கணக்கு களத்திற்கு வந்ததும் தடுமாறிப்போவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அண்மையில் நடந்த ஒன்று மனத்தை அறுத்துக்கொண்டே இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

சம்பா அறுவடை முடிந்து, இயந்திரத்திலிருந்து இறங்கிய நெல்லை வீட்டுத் தராசில் நிறுத்தபோது 2,000 கிலோ இருந்தது. மாதிரியைக் கொள்முதல் நிலையத்துக்கு எடுத்துச் சென்றோம். ஈரப்பதமானியில் 20 என்று காட்டியது. 17-க்கு மேல் எடுக்க முடியாது, காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். இரண்டு நாள் வெயிலில், தார்ப்பாயில் பரப்பி, காலால் துழாவித் துழாவிக் காயவைத்தோம். எங்களோடு நின்று காயவைத்தவர் உறவுமுறையில் எனக்குச் சித்தப்பா. கூலிக்குத்தான் வந்தார், ஆனால் சொந்த நெல்லைப் போலப் பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் அப்பா ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்து, நறுக்கென்று உடைந்த ஓசையைக் கேட்டுவிட்டு, போதும் என்றார். மானியிலும் சரியாக 17 காட்டியது.

அப்பாவின் கணக்கு எளிமையானது. மூன்று சதவீதத் தண்ணீர் போயிருக்கிறது. 2,000-இல் மூன்று சதவீதம் 60 கிலோ. ஆகவே 1,940 கிலோ நிற்க வேண்டும், அதாவது 40 கிலோ சிப்பமாக 48 சிப்பமும் 20 கிலோவும் வர வேண்டும். நிறுத்தபோது 48 சிப்பமும் 6 கிலோவும்தான் வந்தன. 1,926 கிலோ. பதினான்கு கிலோ எங்கே என்று அப்பா கேட்ட கேள்வி யாரைப் பார்த்துக் கேட்டதாக இருந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. சித்தப்பா இரண்டு நாள் கூலியை வாங்காமலே போய்விட்டார்.

அப்பாவின் கணக்கில் எனக்கும் தவறு தெரியவில்லை. ஆனால் சித்தப்பா எடுத்திருப்பார் என்றும் நம்ப முடியவில்லை. சதவீதக் கணக்கில் நான் எதையோ அடிப்படையிலேயே பார்க்கத் தவறுகிறேன் என்று தோன்றுகிறது. பயிர்க் காப்பீட்டில் 40 சதவீத இழப்புக்கு 25 சதவீதத் தொகை மட்டும் வந்ததும் இதே வகைக் குழப்பமாக இருக்குமோ என்று ஐயம். தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: பழைய கணக்காசிரியர், மன்னார்குடி

அம்மா, முதலில் உங்கள் சித்தப்பாவைப் பற்றிய கவலையைத் தீர்த்துவிடுகிறேன். அவர் எதையும் எடுக்கவில்லை. 1,940 கிலோ நிற்கும் என்று எதிர்பார்த்ததுதான் தவறு. 1,928 கிலோவை ஒட்டி நின்றிருந்தால் அதுவே முழுக் கணக்கு.

நெல்லின் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், நிறுத்த மொத்த எடையில் நூற்றுக்கு இருபது பங்கு தண்ணீர், எண்பது பங்கு தண்ணீர் நீங்கிய நெல் என்று பொருள். உங்கள் 2,000 கிலோவில் 400 கிலோ தண்ணீர். 1,600 கிலோ நெல். வெயில் எடுத்துக்கொண்டு போவது தண்ணீரை மட்டுமே. அந்த 1,600 கிலோ, காய்வதற்கு முன்னும் பின்னும் அப்படியேதான் இருக்கும். கணக்கைப் பிடிக்க வேண்டிய பிடி அதுதான். மாறுவதைப் பிடித்தால் கை வழுக்கும்.

இப்போது ஈரப்பதம் 17 என்றால், மீதமிருக்கிற குவியலில் நூற்றுக்கு 83 பங்கு அந்த 1,600 கிலோ. 83 பங்கு 1,600 என்றால் நூறு பங்கு எவ்வளவு? 1,600-ஐ 83-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 1,927.7 கிலோ. போனது 72.3 கிலோ. இரண்டாயிரத்தில் அது 3.6 சதவீதம்.

மூன்று ஏன் வரவில்லை என்ற கேள்வி இன்னும் உங்களுக்கு இருக்கும். அப்பா சொன்னபடி 60 கிலோ தண்ணீர் மட்டும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். தண்ணீர் 340 கிலோ, மொத்தம் 1,940 கிலோ. 340-ஐ 1,940-ஆல் வகுத்தால் ஈரப்பதம் 17.5 சதவீதம் வருகிறது. மானி 17 காட்டியிருக்காது. நெல்லைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். முதலில் சொன்ன 20 என்பது 2,000 கிலோக் குவியலின் இருபது. பிறகு சொன்ன 17 என்பது 1,928 கிலோக் குவியலின் பதினேழு. இரண்டும் வெவ்வேறு நூறுகள். வெவ்வேறு நூறுகளின் பங்குகளை ஒன்றிலிருந்து ஒன்று கழிப்பது, மரக்காலில் அளந்ததைப் படியில் அளந்ததிலிருந்து கழிப்பது போன்றது.

வகுத்துப் பார்க்க நேரமில்லாத இடத்தில் பயன்படுத்த ஒரு கைவழி உண்டு. 17-க்கு இறக்கும்போது, குறைய வேண்டிய ஒவ்வொரு புள்ளிக்கும் நூறு கிலோவுக்கு 1.2 கிலோ போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று புள்ளிக்கு 3.6 கிலோ, ஐந்து புள்ளிக்கு ஆறு கிலோ. இந்த 1.2 என்பது நூறை 83-ஆல் வகுத்தால் வருவது. 17-க்கு இறக்கும்வரை கைகொடுக்கும்.

உங்களிடம் வந்தது 1,926 கிலோ. மீதி 1.7 கிலோதான் கணக்கில் வரவில்லை. மானி அரைப்புள்ளி கூடவோ குறையவோ காட்டினாலே இரண்டாயிரம் கிலோவில் பன்னிரண்டு கிலோ முன்பின் ஆகும் என்பதை நினைத்தால், 1.7 கிலோவைப் பற்றிப் பேசுவதே சரியில்லை. சாலையோரம் காயவைத்த நெல்லில் சக்கரம் அள்ளிக்கொண்டு போவது இதைவிட அதிகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். 17 வந்ததும் நிறுத்தினீர்களே, அது நல்லது. எங்கள் தெருவில் ஒருவர், நன்றாகக் காய்ந்தால்தான் மதிப்பு என்று 14 வரை காயவைத்தார். உங்கள் 1,928 கிலோவை 14-க்கு இறக்கியிருந்தால் 1,860 கிலோதான் நின்றிருக்கும். 67 கிலோ குறையும். 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். அந்த விலையில் இது 1,700 ரூபாய்க்கு மேல். அதிகம் காய்ந்ததற்குக் கொள்முதலில் கூடுதல் விலை கிடையாது. விதைக்கு வைப்பதானால் 13 வரை காயவைப்பது வேறு விஷயம்.

மறுமொழி: பாத்திரக் கடை, கும்பகோணம்

ஐயா சொன்ன "வெவ்வேறு நூறு" என்ற சொல்லை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே யாராவது என் காதில் போட்டிருந்தால் ஒரு தீபாவளிப் பருவம் எனக்கு நட்டமில்லாமல் போயிருக்கும்.

கடை வைத்த புதிதில், 80 ரூபாய்க்கு வாங்கிய பாத்திரத்தை 100 ரூபாய்க்கு விற்பேன். வாங்கிய விலையின் மேல் 25 சதவீத இலாபம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். தீபாவளிக்குக் கூட்டம் சேர்க்க 25 சதவீதத் தள்ளுபடி என்று பலகை எழுதிவைத்தேன். இலாபத்தை விட்டுக்கொடுத்து, முதலுக்கு விற்றதாக ஆகும், கூட்டம் வந்தால் போதும் என்பது என் எண்ணம். ஆனால் இலாபம் 80-இல் 25 சதவீதம். அது 20 ரூபாய். தள்ளுபடி 100-இல் 25 சதவீதம். அது 25 ரூபாய். ஒவ்வொரு பாத்திரத்திலும் கையிலிருந்து ஐந்து ரூபாய் கொடுத்து விற்றிருக்கிறேன். கூட்டம் நிறைய வந்தது.

ஆடித் தள்ளுபடியில் "50 சதவீதம், அதன் மேல் மேலும் 20 சதவீதம்" என்று எழுதியிருந்தால் 70 சதவீதம் என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. ஆயிரம் ரூபாய்ச் சேலை முதலில் 500 ஆகும். அடுத்த 20 சதவீதம் அந்த 500-இல் மட்டும். 400 ரூபாய் கொடுக்க வேண்டும், 300 அல்ல. நகைக் கடையில் இது எதிர்ப்பக்கமாக நடக்கும். ஒரு இலட்சம் ரூபாய்த் தங்கத்துக்குச் சேதாரம் 12 சதவீதம் என்றால் 1,12,000; ஜிஎஸ்டி 3 சதவீதம் அந்த 1,12,000-இன் மேல். மொத்தம் 1,15,360 ரூபாய். 15 சதவீதம் என்று நினைத்துப் பையில் 1,15,000 மட்டும் வைத்துக்கொண்டு போனால் கல்லாவில் நின்று 360 ரூபாய்க்கு முழிக்க வேண்டிவரும்.

மறுமொழி: கடைமடை விவசாயி, வேதாரண்யம் வட்டம்

சகோதரியின் காப்பீட்டுக் கேள்வியை யாரும் தொடவில்லை. நானும் அதில் அடிபட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 540 ரூபாய். இதில் யாருக்கும் குழப்பம் வராது, ஏனென்றால் எதில் ஒன்றரைச் சதவீதம் என்று இரசீதிலேயே எழுதியிருக்கிறது. இழப்பீடு வரும்போதுதான் எதன் சதவீதம் என்பது நம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடுகிறது.

உங்கள் பகுதியின் கடந்த ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதை 70, 80 அல்லது 90 சதவீதம் என்று அறிவிக்கப்பட்ட ஈட்டுறுதி அளவால் பெருக்குவார்கள். வருவது உத்தரவாத மகசூல். இந்த ஆண்டின் விளைச்சல் அதற்குக் கீழே எவ்வளவு போயிருக்கிறதோ, அதை உத்தரவாத மகசூலால் வகுத்து வருகிற சதவீதமே இழப்பீட்டின் சதவீதம்.

கணக்காகப் பார்ப்போம். சராசரி ஏக்கருக்கு 2,500 கிலோ என்றும், ஈட்டுறுதி 80 சதவீதம் என்றும் வைத்தால் உத்தரவாத மகசூல் 2,000 கிலோ. இந்த ஆண்டு விளைந்தது 1,500 கிலோ. நமக்கு, வழக்கமான 2,500-இல் ஆயிரம் போயிற்று; 40 சதவீத இழப்பு. அவர்களுக்கு, 2,000-இல் 500 போயிற்று, 25 சதவீதம். சகோதரி எழுதிய 40-உம் 25-உம் இதே எண்களாக இருப்பதைப் பார்த்தால், ஏமாற்று எதுவும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். இந்த விதி நியாயமா என்று கேட்டால், அது வேறு சண்டை. நான் அதில் விவசாயி பக்கம்தான் நிற்பேன். விளைச்சலும் நம் வயலினுடையது அல்ல என்பதை மறக்கக் கூடாது. வருவாய்க் கிராமத்திலோ, பல கிராமங்கள் சேர்ந்த பிர்காவிலோ தேர்ந்தெடுத்த வயல்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்து நிறுத்துப் பார்த்த விளைச்சலைத்தான் எல்லோருக்குமான விளைச்சலாக எடுத்துக்கொள்வார்கள்.

வாய்க்கால் முடிகிற கடைமடையில் இருப்பதால் எனக்குச் சதவீதம் என்றாலே மேட்டூர்தான் நினைவுக்கு வரும். அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). நீர்மட்டம் 60 அடி என்று செய்தியில் வந்தால், டீக்கடையில் பாதி அணை இருக்கிறது என்று பேசிக்கொள்வோம். அடியில் பாதிதான். ஆனால் 60 அடியில் இருக்கிற தண்ணீர் சுமார் 25 டி.எம்.சி., அதாவது கொள்ளளவில் கால்வாசியை ஒட்டியது. நீர்த்தேக்கம் கீழே குறுகியும் மேலே அகன்றும் இருப்பதால், மேலே உள்ள ஓர் அடியும் கீழே உள்ள ஓர் அடியும் ஒரே அளவு தண்ணீரைத் தாங்குவதில்லை. 100 அடி என்றால் உயரத்தில் 83 சதவீதம், தண்ணீரில் ஏறத்தாழ 69 சதவீதம். ஜூன் 12-இல் அணை திறப்பார்களா, திறந்தால் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேருமா என்று கணக்குப் போடுகிறவன் அடியைப் பார்க்கக் கூடாது, டி.எம்.சி.யைப் பார்க்க வேண்டும்.

அதே காவிரியில் இன்னொன்று. 2007-இல் நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270 என்று பிரித்தது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் நம்மிடமிருந்து 14.75 டி.எம்.சி.யை எடுத்து அங்கே கொடுத்தது. நம் பங்கு 404.25 ஆயிற்று. அந்த 14.75 ஒரே தண்ணீர். நம் 419-இல் அது 3.5 சதவீதக் குறைவு. அவர்களின் 270-இல் 5.5 சதவீதக் கூடுதல். மாநில எல்லையில் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் நமக்கு விட வேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்ததைப் பார்த்தால், அதுவே 7.7 சதவீதக் குறைவு. அன்று மேடைக்கு மேடை ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதைத்தான் சொல்லவில்லை. அணையைப் பார்த்தே நாற்றுவிடும் எனக்கு, அந்த ஏழே முக்கால்தான் மெய்யான எண்.

கேள்வி கேட்டவர்: வெண்ணாற்றங்கரையாள்

மூவருக்கும் மிகுந்த நன்றி. ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தைத் தாளில் எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ 72 கிலோவா?" என்று ஒரு முறை மட்டும் கேட்டார். பிறகு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

நான் புரிந்துகொண்டதைச் சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு. அடுத்த குறுவைக்கு வீட்டு விதையே போதுமா என்று பார்க்க, நூறு நெல்லை எண்ணி, நனைத்த துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி வைத்தேன். அறுபது முளைத்திருந்தன. சான்று விதைக்குக் குறைந்தது 80 சதவீதம் முளைப்புத்திறன் வேண்டும் என்பார்கள். அந்த விதையானால் எங்கள் நாற்றங்காலுக்கு 30 கிலோ போடுவோம். முளைப்பு 20 சதவீதம் குறைவாக இருப்பதால் விதையை 20 சதவீதம் கூட்டி 36 கிலோ போட எண்ணியிருக்கிறேன். இது சரிதானா?

இன்னொன்று: அப்பா எல்லாவற்றையும் மா, வேலி என்றே பேசுகிறார். சதவீதம் என்றதும் முகம் சுளிக்கிறார். அவருக்கு எப்படிச் சொல்வது?

மறுமொழி: பழைய கணக்காசிரியர், மன்னார்குடி

மறுபடியும் இரண்டு நூறுகள் கலந்துவிட்டன, அம்மா. மாறாமல் இருக்க வேண்டியது எது என்று தேடுங்கள். உங்களுக்கு வேண்டியது முளைக்கிற விதை. 30 கிலோவில் 80 சதவீதம், 24 கிலோ முளைக்கும். இந்த 24 குறையக் கூடாது. வீட்டு விதையில் நூற்றுக்கு அறுபதுதான் முளைக்கும் என்றால், 24-ஐ 60-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். 40 கிலோ வேண்டும். 36 கிலோ போட்டால் 21.6 கிலோதான் முளைக்கும். 80 அறுபதானது இருபது புள்ளி இறக்கம். ஆனால் அறுபதிலிருந்து எண்பதுக்கு ஏற மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். இறங்குகிற படியும் ஏறுகிற படியும் ஒரே உயரமாக இருப்பதில்லை. பத்து சதவீதம் இறங்கிய விலை பத்து சதவீதம் ஏறினால் பழைய விலைக்கு வராமல் 99-இல் நின்றுவிடுவதும் இதனால்தான். ஆயினும் 60 சதவீத விதையை நான் விதைக்க மாட்டேன். முடிவெடுக்கும் முன், இன்னும் மூன்று நூறுகளை எண்ணி முளைக்கவைத்துப் பாருங்கள்; விதை ஆய்வகத்திலும் நானூறு விதைதான் எண்ணுவார்கள். ஒரே நூறில் ஐந்தாறு முன்பின் ஆவது சாதாரணம்.

அப்பாவைப் பற்றி: அவர் சதவீதத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பெயர்தான் வேறு. நம் தஞ்சைக் கணக்கில் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு குழி என்பது ஒரு மாவில் ஒரு சதவீதம். ஒரு மா என்பது ஒரு வேலியில் ஐந்து சதவீதம். பழைய வாய்ப்பாட்டு நூலான எண்சுவடியிலும் மா என்றால் இருபதில் ஒன்றுதான். அரைமா இரண்டரைச் சதவீதம், இருமா பத்து, நாலுமா இருபது. ஏக்கரில் நூறில் ஒன்றைச் சென்ட் என்று சொல்லும்போது முகம் சுளிக்காதவர், இதற்கும் சுளிக்க மாட்டார். "மாவுக்கு மூன்று குழி பூச்சி அடித்துவிட்டது" என்று அவரே சொல்லியிருப்பார். அது மூன்று சதவீதம். அடுத்த முறை "எந்த மாவில் மூன்று குழி?" என்று கேளுங்கள், எந்த மா என்று தெரியாமல் குழியைப் பேச எந்த விவசாயியும் ஒப்பமாட்டார்.

(சதவீதமா, சதவிகிதமா, விழுக்காடா என்ற வழக்கை இந்த இழையில் யாரும் தொடங்கிவிட வேண்டாம். மூன்றும் புழங்குகின்றன. நான் வகுப்பில் முதலாவதையே சொல்லிக்கொடுத்தேன்.)

மறுமொழி: மகளிர் குழுக் கணக்கு, பாபநாசம்

எங்கள் குழுவில் பன்னிரண்டு பெண்களின் கடன் புத்தகத்தை நான் எழுதுகிறேன். ஆசிரியர் ஐயா சொன்னதோடு காலத்தையும் சேர்க்க வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். வட்டியில் எதன் நூறு என்பதோடு எத்தனை நாளுக்கு என்பதும் ஒளிந்துகொள்கிறது.

"நூற்றுக்கு இரண்டு வட்டி" என்று நம் பக்கத்தில் சொன்னால் அது மாதத்துக்கு. ஆண்டுக்கு 24. வங்கியில் "ஏழு சதவீதம்" என்றால் அது ஆண்டுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டு சிறியதாயிற்றே என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். கிசான் கடன் அட்டையில் ஏழு சதவீத வட்டி, உரிய நாளில் கட்டினால் நான்காகிறது. இதை "மூன்று சதவீதம் குறைவு" என்று சொல்வார்கள். ஒரு இலட்சத்துக்கு ஆண்டில் ஏழாயிரம் கட்ட வேண்டியவர் நான்காயிரம் கட்டுகிறார். அவர் கட்டும் வட்டி 43 சதவீதம் குறைந்திருக்கிறது. ஏழிலிருந்து நான்குக்கு வருவது மூன்று சதவீதப் புள்ளி. புள்ளி என்ற சொல்லை விட்டுவிட்டால், ஏழில் மூன்று சதவீதம்தான் குறைந்தது, வட்டி 6.79 ஆயிற்று என்றும் ஒருவர் வாதிடலாம்.

பெரிய அடி வாரக் கடனில் விழுகிறது. பத்தாயிரம் என்று எழுதிவாங்கி, 1,500-ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் கட்ட வேண்டும். கொடுப்பவர் "15 சதவீதம்தான்" என்பார். முதலாவது, கையில் வந்தது 8,500. அதில் 1,500 என்பது 17.6 சதவீதம். இரண்டாவது, அந்த 8,500-உம் பத்து வாரம் நம்மிடம் இருக்கவில்லை. முதல் வாரமே ஆயிரம் திரும்பிப் போகிறது, அடுத்த வாரம் இன்னோர் ஆயிரம். நம் கையில் மெய்யாக இருந்த பணத்தை வாரம் வாரமாகப் பார்த்து வகுத்தால், வாரத்துக்கு மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. ஆண்டுக்கு 150-ஐத் தாண்டுகிறது. இதை ஒரு மூதாட்டிக்கு விளக்க நான் புத்தகத்தை எடுக்கவில்லை. பத்து நெல்லிக்காயைத் தரையில் வைத்து, ஒன்றரையை முதலிலேயே என் மடியில் போட்டுக்கொண்டு, மீதியை வாரம் ஒன்றாக எடுத்தேன். கடைசி வாரம் அவர் கையில் ஒன்றும் இல்லை, ஆனால் இன்னும் ஒன்றரைக் காய் தர வேண்டியிருந்தது. இதற்கு மேல் எனக்குக் கேள்வி வரவில்லை.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனை உரிய நாளில் கட்டிவிட்டால் வட்டியே இல்லை. தேதி தவறினால் மட்டும் வட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே எங்கள் குழுவில் சதவீதத்தைவிடப் பெரிய எழுத்தில் தேதியைத்தான் எழுதிவைக்கிறோம்.

கேள்வி கேட்டவர்: வெண்ணாற்றங்கரையாள்

எல்லோருக்கும் மீண்டும் நன்றி. விதைக்கு மூன்று நூறுகள் கூடுதலாக எண்ணிச் சுருட்டி வைத்திருக்கிறேன். காப்பீட்டுக் கணக்கையும் கடைமடை அண்ணன் எழுதியபடி போட்டுப் பார்த்தேன். எங்கள் பிர்காவின் உத்தரவாத மகசூலை வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். எண்கள் கிட்டத்தட்ட அப்படியேதான் வருகின்றன.

அப்பா நேற்று மாலை, என்னிடம் எதுவும் சொல்லாமல், அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு நாள் கூலியை எண்ணி வைத்துவிட்டு, ஒரு மாவுக்கு நூறு குழி என்று தொடங்கி, 83 குழி நெல், 17 குழி தண்ணீர் என்று முழுக் கணக்கையும் தன் வாயாலேயே சொன்னார். 72 கிலோவும் வெயிலுக்குப் போனது என்று முடித்தார். சித்தப்பா கூலியை எடுத்துக்கொண்டார். மிச்சமிருக்கிற ஒன்றே முக்கால் கிலோவைப் பற்றி அப்பா கேட்கவில்லை. சித்தப்பாவே சொன்னார், அது குருவிக்குப் போனது என்று.